நிழலுக்குத் தனி ரேட்டு

தம்பி கல்யாண ஃபிளெக்ஸில் நானும் நின்றேன்.
பாஸ்போர்ட் படத்துத் தலை,
யாருடையதோ நீலச் சட்டை,
கும்பிட்ட கை மட்டும் என்னைவிடச் சிவப்பு.
ஷார்ஜாவில் பதினெட்டாவது மாடியில்
கண்ணாடிக்குச் சிலிக்கான் பூசிக்கொண்டிருந்தவன்
விருத்தாசலம் பாலக்கரையில்
பன்னிரண்டடி உயரத்தில்
வருக வருக என்றுகொண்டிருந்தேன்.

பேனர் மூலையில் இருந்த எண்ணுக்கு எழுதினேன்:
கால்ல நிழல் இல்லையே, நான் என்ன பேயா?
ரெண்டு நாள் கழித்துப் பதில்:
அண்ணன் படம் இலவசம். நிழலுக்குத் தனி ரேட்டு.
கீழே, ஜெசிந்தா, டிசைனர்.

பகலில் அவள்
காதணி விழாவுக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும்
ஒரே வானத்தை ஒட்டுகிறவள்.
ராத்திரி ஷட்டர் பாதி இறங்கிய பிறகு
யாரும் காசு தராத ஒரு படம்:
மணிமுத்தாற்று மணலில்
ஷார்ஜா கிரீக்கின் மரக்கலங்கள் தரைதட்டி நிற்கும்.
மணல் அவள் பங்கு, கலம் என் பங்கு.

துருப்பிடித்த நங்கூரம் அனுப்பினேன்,
டெக்கில் கயிறு போட்டுக் கட்டிய ஃபிரிட்ஜ்,
டயர் மேல் சிறகு காயவைக்கும் நீர்க்காகம்.
எல்லாவற்றின் ஓரத்திலும் என் கட்டைவிரல்.
உங்க விரலை வெட்டியே என் விரல் தேயுது, என்றாள்.

ஜூன் பாதியில் மதிய வேலைக்குத் தடை.
பன்னிரண்டரை முதல் மூன்று வரை
எங்களுக்குச் சட்டப்படி நிழல்.
மற்றவர்கள் அட்டை விரித்துப் படுக்க
நான் போனோடு கிரீக்குக்கு நடந்தேன்.
அங்கே எதற்கும் நிழல் இல்லை.
கொடிமரம் தன் நிழலைத் தானே மிதித்துக்கொண்டு நின்றது.

இருக்கிற கொஞ்சமும் எதிர்ப்பக்கம், என்று எழுதினாள்.
என் கருவேலம் தெக்கே விழுது,
உங்க கயிறு வடக்கே விழுது.
படத்தைத் திருப்பினா
கலத்து மேல இருக்கிற அரபி எழுத்து மாறிடும்.
ஒரு ஆத்துக்கு ரெண்டு சூரியன்.
யாரும் கண்டுக்க மாட்டாங்க,
எனக்குத் தெரியுமே.

ஒரு வாரம் மண்டையைக் குடைந்து
அப்புறம்தான் பிடிபட்டது:
ஆனி மாதம் உச்சிப் பொழுதில்
சூரியன் அவளுக்கு வடக்கே, எனக்குத் தெற்கே.
எங்கள் இருவருக்கும் நடுவில் நிற்கிறது.
அதனால்தான் நிழல்கள்
ஆளுக்கொரு பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு போகின்றன.

மார்கழி வரட்டும், என்றாள்.

இடையில் எனக்கு விசா புதுப்பித்தார்கள்,
அவளுக்குப் பிரிண்டர் தலை அடைத்தது,
ஒரு தேர்தல் வந்து அவளைப் பத்து நாள் தூங்கவிடவில்லை.
கோப்பின் பெயர் மட்டும் வளர்ந்தது:
ஆறு இறுதி,
ஆறு இறுதி ரெண்டு,
ஆறு சத்தியமா இறுதி.

மார்கழியில், சாப்பாட்டு நேரத்தில்,
நங்கூரத்தின் நிழல் வடக்கே கிடந்தது.
அதே வாரம் அவள் மணலிலும்.
நீளம் முன்னபின்ன இருக்கு, திசை ஒண்ணுதான்,
இழுத்துக்கிறேன், என்றாள்.

குல்சமானின் லேப்டாப்பில் திறந்தேன்.
நாற்பத்தொரு அடுக்கு, ஏறுவதற்கு ஏழு நிமிடம்.
இது எந்தத் துறைமுகம், தண்ணீர் எங்கே, என்றார் அவர்.
அதுவா, வரும், என்றேன்.

மூன்றாவது கலத்தின் பக்கத்தில்
மணலில் நான்.
அதே பாஸ்போர்ட் தலை, அதே நீலச் சட்டை.
கை கும்பிடவில்லை, கயிற்றைப் பிடித்திருந்தது.
காலிலிருந்து வடக்கே ஒரு நிழல்.
தோளில் என்னவோ தொங்குகிறதே என்று பெரிதாக்கினால்
பின்னல்.
துப்பட்டா நுனி காற்றில்.

இது யார் நிழல்?

உங்க படம் ஒண்ணுலயும் உங்க நிழல் இல்ல,
விரல்தான் இருக்கு.
ஆத்துல எடுக்கும்போது இது குறுக்கே விழுந்துச்சு,
வெட்டாம வச்சிருந்தேன்.
வேணாம்னா அடுக்கு முப்பத்தாறு, கண்ணை மூடிடுங்க.

ரேட்டு எவ்வளவு என்று எழுதி
அனுப்பாமல் படுத்தேன்.

காலையில் தொட்டிலில் ஏறி
பதினெட்டாவது மாடிக்குப் போனேன்.
முதுகில் வெயில்,
எதிரே இன்னும் கண்ணாடி வைக்காத சுவர்.
சிலிக்கான் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுத்
தலையை இப்படியும் அப்படியும்
ஒருமுறை
திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.